தம்மை நிறுத்தினாரு, மாத்திரை ஏறிடுச்சு: டிப்ரஷன் மருந்தும் நிகோடினும் சந்திச்ச ஒரு நிகழ்வு ஆய்வு

நான் ஒரு மனநல டீம்ல கிளினிக்கல் பார்மசிஸ்ட். மருந்து எழுதறது டாக்டர், அந்த மருந்துங்க ஒண்ணோட ஒண்ணு மோதுதா, டோஸ் சரியா இருக்கா, ஆளுக்கு ஒத்துப்போகுதான்னு பாக்கறது என் வேலை. இது ஒரே ஒரு ஆளோட ஒன்றரை வருஷக் கதை. அவர்கிட்டயும் அவர் மனைவிகிட்டயும் கேட்டு, அவங்க சரின்னு சொன்னப்புறம்தான் எழுதறேன். ஆள் யாருன்னு தெரியவைக்கிற சின்னச் சின்ன விவரங்களை மாத்தியிருக்கேன், மருந்து, டோஸ், நடந்த வரிசை எல்லாம் நடந்தபடியே இருக்கு.

பின்னணி

நாப்பத்தஞ்சு தாண்டினவர். 22 வருஷமா தம். ஒரு நாளைக்கு 20, டென்ஷனான நாள்ல ரெண்டு மூணு கூடும். காலைல கண்ணு முழிச்சு அஞ்சு நிமிஷத்துக்குள்ள முதல் தம் பத்தியாகணும், நிகோடினுக்கு உடம்பு எவ்ளோ அடிமையா இருக்குன்னு பாக்க இந்த ஒரு கேள்வி போதும்னுகூட சொல்லலாம். அந்த அடிமைத்தனத்தை அளக்கற ஃபாகர்ஸ்ட்ராம் டெஸ்ட்ல 10க்கு 7 வந்துச்சு.

டிப்ரஷன் இது ரெண்டாவது தடவை. முதல்ல செர்ட்ராலின் போட்டு பாதிதான் கேட்டுச்சு, அப்புறம் டுலாக்ஸிடினுக்கு மாத்தி, 60 மி.கி.ல பத்தலன்னு 90 ஆக்கினாங்க. அதுல நல்லா தேறினாரு. டிப்ரஷனை அளக்கற பிஹெச்கியூ-9ங்கற கேள்வித்தாள்ல ஸ்கோர் (கூடினா மோசம்) 18ல இருந்து 9க்கு இறங்குச்சு, வேலைக்கு திரும்பிப் போனாரு. மிச்சம் இருந்தது ரெண்டு விஷயம், ஒண்ணு எந்நேரமும் ஒரு அசதி, இன்னொண்ணு தாம்பத்தியத்துல நாட்டமே இல்லாமப் போனது. ரெண்டாவதை அவர் சொல்லவே பல மாசம் ஆச்சு.

ஒரு விசிட்ல அவரே கேட்ட கேள்வி இது: "டிப்ரஷனுக்கு மாத்திரை போட்டா தம் தானா குறையும்னு நெனச்சேன் மேடம், ஒண்ணுகூட குறையலையே, ஏன்?" நல்ல கேள்வி. அன்னைக்கு நான் "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார்"னு சொல்லி முடிச்சுட்டேன். அந்தப் பதில் தப்பு, எவ்ளோ தப்புன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

முதல் முயற்சி, ஒம்போது நாள்

பையனோட பிறந்தநாள் அன்னைக்கு ஒரேயடியா நிறுத்தினாரு. எங்ககிட்ட முன்கூட்டி சொல்லல, சொன்னாலும் அப்ப நாங்க வேற ஏதாவது செஞ்சிருப்போமான்னு எனக்கு சந்தேகம்தான். 2 மி.கி. நிகோடின் கம் வாங்கி ஆசை வரும்போதெல்லாம் மென்னாரு.

முதல் ரெண்டு நாள் எரிச்சல், எதுலயும் மனசு நிக்கல, அவ்ளோதான். நாலாவது நாள்ல இருந்து வேற மாதிரி ஆச்சு. குமட்டல், சாப்பாட்டைப் பாத்தாலே வேண்டாம், உக்காந்த இடத்துல வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படபடப்புல தூக்கமே இல்ல. ஏழாவது நாள் வந்தப்ப பல்ஸ் 98. வழக்கமா அவருக்கு 78 பக்கம்தான் இருக்கும். ஃபைல்ல என் கையெழுத்துலயே இருக்கு: "நிகோடின் வித்ட்ராயல், கம் அதிகமா எடுத்துக்கச் சொல்லியாச்சு." அதாவது நிகோடினை நிறுத்தினதால வர்ற அவஸ்தைன்னு முடிவு கட்டியிருக்கேன். கம் அதிகமா எடுத்தாரு, குமட்டல் கூடுச்சு. ஒம்போதாவது நாள் தாங்கமுடியாம தம்மைப் பத்த வச்சாரு, மூணு நாலு நாள்ல எல்லாம் அடங்கிடுச்சு.

அது அவர் மனசுல ஆணி அடிச்ச மாதிரி பதிஞ்சிடுச்சு. "என் உடம்புக்கு அது இல்லாம ஆகாது மேடம், பாத்துட்டேன்ல." மனைவிக்கும் அதே முடிவு. டாக்டரும் இப்ப மனசு தேறினதே பெருசு, தம்மை அப்புறம் பாக்கலாம்னுட்டாரு. நானும் தலையாட்டினேன்.

அஞ்சு மாசம் கழிச்சு ஃபைலைத் திரும்பப் புரட்டினப்ப

வேற ஒரு பேஷண்டுக்காக தம்முக்கும் மருந்துக்கும் இருக்கற மோதல்களைப் படிச்சிட்டிருந்தப்பதான் இவர் ஞாபகம் வந்துச்சு. ஃபைலை எடுத்து அந்த ஒம்போது நாளை மறுபடி பாத்தேன். மூணு விஷயம் இடிச்சுது.

முதல்ல பல்ஸ். நிகோடின் இதயத்தை வேகப்படுத்தற பொருள், அதை நிறுத்தினா பல்ஸ் இறங்கணும், ஏறக் கூடாது. இவருக்கு 20 ஏறியிருக்கு. ரெண்டாவது பசி, நிகோடின் போனா பசி எடுக்கும், அதனாலதான் நிறுத்தினவங்களுக்கு வெயிட் போடுது, இவருக்கு சாப்பாடே வேண்டாம்னு ஆச்சு. மூணாவது நாள் கணக்கு. நிகோடின் ரத்தத்துல பாதியாக ரெண்டு மணி நேரம் போதும், அதனால வித்ட்ராயல் முதல் நாளே ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாள்ல உச்சத்துக்குப் போய், அப்புறம் ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துல மெல்ல அடங்கும். இவருக்கு அடங்கவேண்டிய நேரத்துலதான் ஏற ஆரம்பிச்சிருக்கு.

அப்ப அது என்ன? குமட்டல், வேர்வை, நடுக்கம், தூக்கமின்மை, பசியின்மை, பல்ஸ் ஏறினது, இது டுலாக்ஸிடின் அதிகமானா வர்ற லிஸ்ட். அவர் டோஸைக் கூட்டல, ஆனா உடம்புக்குள்ள அது கூடியிருக்கணும்.

இதுக்குப் பின்னாடி இருக்கறது லிவர்ல இருக்கற சிஒய்பி1ஏ2 ங்கற என்சைம். சிகரெட் புகைல, தார்ல இருக்கற ஹைட்ரோகார்பன்கள் இந்த என்சைமைத் தூண்டிவிடும், அதனால தம் அடிக்கறவங்க உடம்பு சில மருந்துகளை சீக்கிரமே கரைச்சு வெளிய தள்ளிடும். டுலாக்ஸிடின் அதுல ஒண்ணு, தம் அடிக்கறவங்களுக்கு ரத்தத்துல அதோட மொத்த அளவு கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கம்மியா இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க, தம்மை நிறுத்தினா அதே டோஸ் ஒன்றரை மடங்கா வேலை செய்யும். 90 மி.கி. போட்டவருக்கு 135 போட்ட மாதிரி. நிறுத்தினா அந்த என்சைம் ரெண்டு நாளுக்குள்ளயே ஏறக்குறைய பாதிக்கு இறங்கி, ஒரு வாரத்துல சாதாரண நிலைக்கு வந்துரும். அவரோட நாலாவது நாள் அப்படியே பொருந்துது.

இங்க கவனிக்கவேண்டியது, என்சைமைத் தூண்டறது புகை, நிகோடின் இல்ல. அதனால நிகோடின் கம், தோல்ல ஒட்டற நிகோடின் பேட்ச் எதைப் போட்டாலும் இது மாறாது. நான் "கம் அதிகமா எடுங்க"ன்னு சொன்னது குமட்டலோட இன்னும் கொஞ்சம் குமட்டலைச் சேத்தது, வேற ஒண்ணும் செய்யல.

அடுத்து காபி. காபில இருக்கற கஃபீனையும் கரைக்கறது இதே என்சைம்தான். இவர் ஒரு நாளைக்கு ஆறு கப் குடிக்கறவர். தம்மை நிறுத்தினா, அதே ஆறு கப்புக்கு ரத்தத்துல கஃபீன் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும். படபடப்பும் தூக்கமின்மையும் ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்திருக்கு.

ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடணும், அந்த நாள்ல டுலாக்ஸிடின் அளவை ரத்தத்துல யாரும் அளந்து பாக்கல. அதனால இது அறிகுறிகளையும் நாள் கணக்கையும் வச்சு நான் போட்ட கணக்கு. தம் அடிக்கறவங்களுக்கு டோஸ் மாத்தணும்னு அந்த மருந்தோட லேபிள்லயும் சொல்லல, நிறையப் பேருக்கு ஒண்ணுமே தெரியாமப் போயிடும். இவர் உயர்ந்த டோஸ்ல இருந்தாரு, காபியும் சேந்துச்சு, அதான் இவ்ளோ ஆச்சுன்னு நினைக்கறேன்.

டாக்டர்கிட்ட காட்டினேன். ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, "அவரைக் கூப்பிடுங்க, இதை அவருக்குச் சொல்லணும்"னாரு. அவரைக் கூப்பிட்டு, அன்னைக்கு உங்க உடம்பு தம் கேட்டு அப்படி ஆகல, மாத்திரை ஏறினதுல ஆச்சு, அதை நாங்க கவனிக்கல, மன்னிச்சுக்கங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு. "அப்ப என்னால முடியும்ங்கறீங்களா?"ன்னு கேட்டாரு. கோவப்படுவாருன்னு நினைச்சுட்டுப் போனேன், அவர் கேட்டது இதைத்தான்.

எந்த மருந்து, ஏன்

அவர் முதல்ல கேட்ட கேள்விக்கு இப்பவாவது ஒழுங்கா பதில் சொல்லணும்ல. டிப்ரஷன் மருந்து எல்லாமே நிகோடினோட ஒரே மாதிரி நடந்துக்காது. நிகோடின் மூளைல போய் ஒட்டறது நிகோடினிக் ரிசெப்டர்கள்ங்கற வாசல்கள்ல, முக்கியமா ஆல்ஃபா4பீட்டா2 வகைல. அது திறந்தா டோபமின்ங்கற மூளை ரசாயனம் வெளிய வரும், அந்த சின்ன நிம்மதிதான் தம்மோட கூலி. செரடோனினை மட்டும் கூட்டற செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸிடின் மாதிரி மருந்துகள் மனசைத் தேத்தும், ஆனா தம்மை நிறுத்த உதவுதான்னு பாத்த ஆய்வுகள்ல எதுவும் தேறல. உதவுதுன்னு நின்னது ரெண்டு, புப்ரோபியான், அப்புறம் பழைய ட்ரைசைக்ளிக் வகையான நார்ட்ரிப்டிலின். இதுங்க டிப்ரஷன் இல்லாதவங்களுக்கும் உதவுது, அதாவது மனசைத் தேத்தி அது வழியா தம்மைக் குறைக்கறது மட்டும் இல்ல, நிகோடின் பாதையிலயே ஏதோ நேரா செய்யுது.

புப்ரோபியான் ரெண்டு வேலை செய்யும். டோபமினும் நாரட்ரினலினும் திரும்ப உறிஞ்சப்படறதைக் கொஞ்சம் தடுக்கும், அதனால நிகோடின் இல்லாத நேரத்துல வர்ற அந்த வெறுமை குறையும். கூடவே அதுவும் உடம்புல அது மாறி வர்ற ஹைட்ராக்ஸிபுப்ரோபியானும் நிகோடினிக் ரிசெப்டரையே ஓரளவு அடைக்கும், அப்ப தம் அடிச்சாலும் வழக்கமா கிடைக்கற கூலி முழுசா கிடைக்காது. 1985ல டிப்ரஷனுக்காக அமெரிக்கால அனுமதி கிடைச்சு, வலிப்பு வருதுன்னு அடுத்த வருஷமே திரும்ப எடுத்து, டோஸைக் குறைச்சு 1989ல மறுபடி வந்த மருந்து இது. 1997ல தம்மை நிறுத்தறதுக்கும் அனுமதி கிடைச்சுது.

தம்மை நிறுத்தறதுக்குன்னே இருக்கற வரெனிக்ளின்ங்கற மருந்தையும் பேசினோம். 2016ல வந்த ஈகிள்ஸ் ட்ரயல்ல 8144 பேர், அதுல பாதிப் பேர் மனநல சிகிச்சை வரலாறு உள்ளவங்க, வரெனிக்ளின்தான் எல்லாத்தையும் விட நல்லா வேலை செஞ்சுது, மனசு கெட்டுப்போற பக்கவிளைவும் ப்ளாசிபோவை (மருந்தே இல்லாத டம்மி மாத்திரை) விட குறிப்பிடற அளவுக்குக் கூடல. என் முதல் சாய்ஸ் அதுதான். ஆனா அதோட பெரிய தொல்லை குமட்டல், இவர் அந்த வார்த்தையைக் கேட்டதுமே "அது மட்டும் வேண்டாம் மேடம்"னுட்டாரு, அந்த ஒம்போது நாள் அவருக்கு அப்படி. அதோட அசதியும் தாம்பத்தியப் பிரச்சனையும் மிச்சம் இருக்கே, அந்த ரெண்டுக்கும் புப்ரோபியான் கைகொடுக்க வாய்ப்பு இருக்கு. பேஷண்ட் விருப்பமில்லாம எழுதற மருந்து டப்பாலயேதான் கிடக்கும். டாக்டர் புப்ரோபியான்னு முடிவு பண்ணாரு.

இதுல ஒரு பொறி இருந்துச்சு. டுலாக்ஸிடினைக் கரைக்கறது ரெண்டு என்சைம், ஒண்ணு தம்மை நிறுத்தினா இறங்கப்போற சிஒய்பி1ஏ2, இன்னொண்ணு சிஒய்பி2டி6. புப்ரோபியான் இந்த ரெண்டாவதை அடைக்கும். கவனிக்காம சேத்துக் கொடுத்தா ரெண்டு கதவும் ஒரே வாரத்துல மூடும், போன தடவையை விட மோசமா ஆகும். அதனால புப்ரோபியான் ஆரம்பிக்கற அன்னைக்கே டுலாக்ஸிடினை 90ல இருந்து 60 ஆக்கறது, தம்மை நிறுத்தினப்புறம் தேவைப்பட்டா 30, தம்மை நிறுத்தற அன்னைல இருந்து காபி மூணு கப்பு, அதுவும் மத்தியானத்தோட சரி.

ஒரு மாசம் தள்ளிப்போனது

வலிப்பு ரிஸ்க் பாக்கணும். 300 மி.கி. வரைக்கும் ஆயிரத்துல ஒருத்தருக்கு வர்ற அளவுதான், ஆனா ஏற்கனவே வலிப்பு இருந்தவங்க, புலிமியா, அனரெக்ஸியா மாதிரி சாப்பாட்டுக் கோளாறு இருக்கறவங்க, குடியையோ தூக்க மாத்திரையையோ திடீர்னு நிறுத்தறவங்க, இவங்களுக்குக் கொடுக்கவே கூடாது. ஒவ்வொண்ணா கேட்டேன், எல்லாத்துக்கும் இல்லன்னாரு. குடி? "சனிக்கிழமை ஃப்ரெண்ட்ஸோட, அவ்ளோதான்."

அவர் பில்லு கட்டப் போனப்ப மனைவி மட்டும் பின்தங்கி நின்னாங்க. "மேடம், அவர் சொல்லமாட்டாரு. தினமும் ராத்திரி மூணு பெக்கு. நான் சொன்னேன்னு தெரியவேண்டாம்." அந்தம்மா கை நடுங்கிச்சு.

இதை நான் ரகசியமா வச்சுக்கிட்டா மருந்து கொடுக்கமுடியாது, போட்டுக்கொடுத்தா வீட்டுல சண்டை. அடுத்த விசிட்ல அவர்கிட்ட நேரா, இந்த மருந்து எப்படி ஃபிட்ஸ் கொண்டுவரும்னு விவரமா சொன்னேன், குடியை மறைச்சவங்களுக்கு என்ன ஆகும்னும் சொன்னேன், அப்புறம் அதே கேள்வியை மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னாரு. அதுவரைக்கும் குடியோட டுலாக்ஸிடினும் போட்டிருக்காரு, அந்த ரெண்டும் சேந்தா லிவருக்கே ஆபத்து, அதையும் நாங்க பிடிக்காம விட்டிருக்கோம். லிவர் டெஸ்ட் எடுத்தோம், நல்லவேளை பெருசா ஒண்ணும் இல்ல. டாக்டர் மேற்பார்வைல படிப்படியா குடியைக் குறைச்சு, முழுசா நின்னு ரெண்டு வாரம் ஆனப்புறம்தான் புப்ரோபியான். மொத்தம் அஞ்சு வாரம் தள்ளிப்போச்சு. அவர் பொறுமையா இருந்தாரு, சொல்லப்போனா எங்களை விட.

தம்மோட மருந்து, பத்து நாள்

புப்ரோபியானை தம்மை நிறுத்தறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிக்கணும், ரத்தத்துல நிலையான அளவுக்கு வர அவ்ளோ நாள் ஆகும். அதனால அந்த வாரம் வழக்கம்போல தம் அடிக்கலாம். முதல் மூணு நாள் காலைல 150 மி.கி., அப்புறம் 150 ரெண்டு வேளை, நடுவுல எட்டு மணி நேரமாவது இடைவெளி. நிறுத்தற தேதி பதினொண்ணாவது நாள். ஒவ்வொரு தம்மையும் ஒரு நோட்டுல எழுதச் சொன்னேன், நேரமும், எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு வார்த்தையும்.

அந்த நோட்டு இன்னும் எனக்கு மறக்கல. முதல் மூணு நாள் "நல்லாருந்துச்சு", "நல்லாருந்துச்சு", "சாப்பிட்டதும், ரொம்ப நல்லாருந்துச்சு". அஞ்சாவது நாள் "பரவால்ல". ஆறாவது நாள் மத்தியானம் "வெறும் புகை". ஏழாவது நாள் பாதில அணைச்சதுன்னு நாலு இடத்துல எழுதியிருக்காரு. எண்ணிக்கை யாரும் சொல்லாமலே 20ல இருந்து 13க்கு வந்துருச்சு. காலைல அடிக்கற முதல் தம் மட்டும் கடைசி வரைக்கும் "நல்லாருந்துச்சு"தான்.

இது மருந்தா, இல்ல மருந்து இப்படிச் செய்யும்னு நான் முன்னாடியே சொன்னதால வந்த எதிர்பார்ப்பா? ஒரு ஆளை வச்சு பிரிக்கமுடியாது. ஆனா எல்லாம் மங்கினப்பவும் காலைத் தம் மங்கலங்கறது எனக்கு நம்பிக்கை தர்ற விஷயம், ராத்திரி முழுக்க நிகோடின் இல்லாம காலியா இருக்கற ரிசெப்டர்ல விழற முதல் இழுப்பு அது, ஓரளவு அடைக்கற மருந்தால அதை முழுசா அடைக்கமுடியாது. வெறும் எதிர்பார்ப்புன்னா அதுவும் மங்கியிருக்கணும்ல.

எட்டாவது நாள் தூக்கம் கெட்டுச்சு, மூணு நாலு மணி நேரம்தான். ஒம்போதாவது நாள் பிபி 148/94, ஆரம்பத்துல 128/82 இருந்தவருக்கு. புப்ரோபியானும் டுலாக்ஸிடினும் ரெண்டுமே நாரட்ரினலினைக் கூட்டற மருந்து, அது பிபியை ஏத்தும், தம்மும் இன்னும் ஓடிட்டிருக்கு. இந்த நேரத்துல மறுபடி பயந்து எல்லாத்தையும் நிறுத்தற மாதிரி ஆச்சு. நான் எடுத்துக் காட்டினது 1997ல வந்த, 615 பேரை வச்சு நடந்த புப்ரோபியான் ட்ரயலை. அதுல ஏழு வாரத்துல 300 மி.கி. போட்டவங்கள்ல 44.2 சதவீதம், 150 போட்டவங்கள்ல 38.6 சதவீதம் பேர் நிறுத்தியிருந்தாங்க, ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா 23.1ம் 22.9ம், ப்ளாசிபோல 12.4. அதாவது நீண்ட கணக்குல 150க்கும் 300க்கும் வித்தியாசமே இல்ல. சாயங்கால டோஸை நிறுத்தி, காலைல 150 மட்டும்னு ஆக்கினோம். பேட்ச்சும் கூடப் போடலாம்னு முதல்ல யோசிச்சிருந்தோம், புப்ரோபியானோட பேட்ச் சேந்தா பிபி ஏறும்ங்கறதால அதை விட்டுட்டு, தேவைப்படறப்ப மட்டும் 4 மி.கி. கம். முழிச்சு அரை மணிக்குள்ள தம் அடிக்கறவங்களுக்கு 2 மி.கி. பத்தவே பத்தாது, முதல் முயற்சில அதுவும் ஒரு தப்பு. காபி குடிச்சுட்டு உடனே மெல்லக் கூடாதுன்னும் சொன்னேன், வாய்ல புளிப்பு இருந்தா நிகோடின் உள்ள ஏறாது, கால் மணி நேரம் விடணும். நாலு நாள்ல பிபி 134/86க்கு வந்துச்சு.

நிறுத்தினப்புறம்

முந்தின நாள் ஊதிப் பாத்ததுல, புகைல இருந்து மூச்சுல சேர்ற கார்பன் மோனாக்சைடு 22 பிபிஎம், நிறுத்தின மூணாவது நாள் 3. அந்த எண்ணை போட்டோ எடுத்து வச்சுக்கிட்டாரு.

போன தடவை கெட்டது நாலாவது நாள், அதனால நாலு, அஞ்சு, ஆறு மூணு நாளும் நானே போன் பண்ணேன். நாலாவது நாள் லேசா குமட்டல், வேர்வை கொஞ்சம். பல்ஸ் 76. டாக்டர்கிட்ட சொல்லி அன்னைக்கே டுலாக்ஸிடினை 30 ஆக்கினோம், ரெண்டு நாள்ல குமட்டல் போச்சு. எரிச்சல் இருந்துச்சு, பசி பயங்கரமா எடுத்துச்சு. போன்ல மனைவி, "எப்பப் பாத்தாலும் சாப்பிட்டுட்டே இருக்காரு மேடம்"னாங்க, எனக்கு அவ்ளோ நிம்மதி. வித்ட்ராயல்னா இப்படித்தான் இருக்கணும்.

ரெண்டாவது வாரம் மனசு இறங்குச்சு, பிஹெச்கியூ-9 ஸ்கோர் 9ல இருந்து 13. தற்கொலை எண்ணம் பத்தின கேள்விக்கு பூஜ்யம், அதை நேர்லயும் கேட்டேன். டுலாக்ஸிடினை அவசரமா குறைச்சுட்டோமோன்னு எனக்கு உறுத்தல், திரும்ப 60 ஆக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். அவர் ஒரு வாரம் பொறுக்கலாம்னாரு. அவர் சொன்ன காரணம், புகைல நிகோடின் தவிர எம்ஏஓ ங்கற என்சைமை அடக்கற பொருளும் இருக்கு, 1996ல பெட் ஸ்கேன்ல பாத்தப்ப தம் அடிக்கறவங்க மூளைல எம்ஏஓ-பி கிட்டத்தட்ட 40 சதவீதம் கம்மியா இருந்துச்சு, டோபமினைச் சிதைக்கற என்சைம் அது. தம்மை நிறுத்தினா அது மெல்ல பழைய நிலைக்கு வரும், கொஞ்ச நாள் மனசு வறண்டு இருக்கும், அதுக்கு இன்னொரு மருந்தை ஏத்தவேண்டாம்னாரு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போன், தனியா இருக்கவேண்டாம், எண்ணம் ஏதாவது மாறினா உடனே வரணும்னு மனைவிகிட்டயும் சொல்லி வச்சோம். மூணாவது வாரம் 10, ஆறாவது வாரம் 6. பொறுத்தது சரிதான், ஆனா ஸ்கோர் இன்னும் ரெண்டு ஏறியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன்.

பத்தொம்போதாவது நாள் ராத்திரி போன். சொந்தத்துல ஒரு சாவு, அங்க யாரோ நீட்டியிருக்காங்க. "ரெண்டு அடிச்சுட்டேன் மேடம். எல்லாம் போச்சு." எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன், அந்தக் கேள்வியை அவர் எதிர்பாக்கல. யோசிச்சு சொன்னாரு, முதல் தம்ல ஒண்ணுமே இல்ல, அதனாலதான் ரெண்டாவது, அதுல தலை சுத்தி வாந்தி வர்ற மாதிரி ஆச்சு. பத்தொம்போது நாள் தம் இல்லாம, நிகோடினைத் தாங்கற பழக்கம் குறைஞ்சிருக்கு, இந்தப் பக்கம் கூலியையும் மருந்து குறைச்சிருக்கு. மாத்திரையை நிறுத்தாதீங்க, நாளைக்கு காலைல இருபதாவது நாள்னே எழுதுங்கன்னு சொன்னேன். எழுதினாரு. மூணாவது தம் வரல.

முடிவு

தம்மை நிறுத்த மட்டும்னா புப்ரோபியான் ஏழுலேர்ந்து பன்னெண்டு வாரம் போதும், இவருக்கு டிப்ரஷனும் இருக்கறதால தொடர்ந்தோம். ஆறு மாசத்துல ஊதிப் பாத்தா 2 பிபிஎம், பிஹெச்கியூ-9 ஸ்கோர் 5, அசதி பாதிக்கு மேல போயிருந்துச்சு, வெயிட் 4 கிலோ கூடியிருந்துச்சு. தாம்பத்தியம் பத்திக் கேட்டேன், தலையைக் குனிஞ்சுட்டு சிரிச்சாரு, நான் அதுக்கு மேல கேக்கல. குடி ஆறு மாசத்துல ரெண்டு தடவை, அவரே சொன்னது.

ஒம்போதாவது மாசம் டாக்டர் புப்ரோபியானை நிறுத்திப் பாத்தாரு. பத்து நாள்ல தம் ஆசை எட்டிப் பாத்துச்சு, கனவுல தம் அடிக்கறேன்னாரு. கம்மை வச்சு ரெண்டு வாரம் சமாளிச்சு, அது தானா அடங்குச்சு. ஒரு வருஷம் முடிஞ்சப்ப டுலாக்ஸிடின் 30 மட்டும், தம் இல்ல.

இப்ப மாத்தி செய்யறது

மருந்து லிஸ்ட் எழுதறப்ப தம் எண்ணிக்கையையும் மருந்து மாதிரியே எழுதறேன், எத்தனை, எப்பலேர்ந்து, போன மாசத்துல மாறுச்சான்னு. முன்னாடி அது "பழக்கவழக்கம்"ங்கற கட்டத்துல ஒரு டிக்காதான் இருந்துச்சு. டுலாக்ஸிடின், ஃப்ளூவாக்ஸமின், க்ளோசபின், ஒலான்சபின், எல்லாமே இதே என்சைம் கரைக்கற மனநல மருந்துகள், இதுல ஏதாவது போடறவங்க தம்மை நிறுத்தறேன்னா தேதியை முதல்ல எங்ககிட்ட சொல்லணும்னு டீம்ல முடிவு. ஆஸ்பத்திரில அட்மிட் ஆகி தம் கிடைக்காம நின்னுபோனாலும் இதே கணக்குதான். க்ளோசபின்ல இது உயிருக்கே ஆபத்தா போகலாம், அதுக்கு ரத்த அளவு கண்டிப்பா பாக்கணும்.

வித்ட்ராயல்னு எழுதறதுக்கு முன்னாடி பல்ஸ், பசி, எத்தனாவது நாள், மூணையும் எழுதணும். இவருக்கு அன்னைக்கு பல்ஸ் 98ன்னு நானே எழுதி, அதுக்குக் கீழ நானே தப்பான வார்த்தையையும் எழுதியிருக்கேன். இன்னொரு தடவைன்னா புப்ரோபியானை 300க்கு கொண்டுபோயிருக்கமாட்டேன், 150லயே நிறுத்தியிருப்பேன், இந்த ரெண்டு மருந்து சேரும்போது பிபி ஏறும்னு முன்னாடியே தெரிஞ்ச விஷயம்தான. டுலாக்ஸிடின் ரத்த அளவை நிறுத்தறதுக்கு முன்னும் பின்னும் எடுத்து வச்சிருப்பேன், இந்தக் கதைல இன்னும் ஊகமா நிக்கறது அது ஒண்ணுதான். குடி பத்தி ஆரம்பத்துலயே, டுலாக்ஸிடின் எழுதறப்பவே, காரணத்தோட கேட்டிருக்கணும்.

இது எதிர்ப்பக்கமும் வேலை செய்யும்ங்கறதை கடைசி விசிட்ல ரெண்டு பேரையும் உக்கார வச்சு சொன்னேன். திரும்ப தம் ஆரம்பிச்சா என்சைம் மறுபடி ஏறி டுலாக்ஸிடின் இறங்கும், இருக்கறதே 30 மி.கி.தான், அதுலயும் இறங்கினா டிப்ரஷன் எட்டிப் பாக்கலாம், அதனால தம் பத்த வச்சா திட்டுவாங்களோன்னு பயந்து மறைக்காதீங்க, அன்னைக்கே போன் பண்ணுங்கன்னு. அவர் சரின்னாரு. மனைவி என் நம்பரை அவங்க போன்லயும் ஏத்திக்கிட்டாங்க.